மூன்றாம் இலக்கத்துக்காக அடித்த அடி

தில்லைத்துறையில் வினாயகமூர்த்தியைப் பற்றி யார் கதையெடுத்தாலும் அது முதலில் அவன் கையைப் பற்றித்தான் இருக்கும். வாவியில் வலை இழுத்து உரமேறிய கை அது. கோயில் வீதியில் குடித்துவிட்டுக் கூத்தடித்த இரண்டு பேரை அந்தக் கையால் சேர்த்துப் பிடித்து மண்டையோடு மண்டை மோதவிட்டவன் அவன். தன் வலையை அறுத்தவனைப் பிடித்து, விரல்களைத் தோணி விளிம்பில் வைத்து ஏறி மிதித்தவனும் அவன்தான். பொலிஸ் வந்தது, எழுதியது, போனது. நல்ல மனிதன் என்று பெயரெடுக்க எவ்வளவோ பாடுபட வேண்டியிருக்கிறது. அடிக்கிற மனிதன் என்ற பெயர் அவனுக்குச் சும்மா கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒருவனைத் தேர்தல்காரர்கள் விட்டுவைப்பார்களா? கொடி மாறும், முகம் மாறும், வாகனம் வந்து நிற்கிற வாசல் மட்டும் மூர்த்தியின் வாசலாகவே இருக்கும். நோட்டீஸ் ஒட்ட ஆள் வேண்டும். மற்றவன் ஒட்டியதைக் கிழிக்க ஆள் வேண்டும். கிழிக்க வருகிறவனின் பல்லை உடைக்கவும் ஆள் வேண்டும். மூர்த்தி இதையெல்லாம் சாராயத்துக்காகச் செய்தான் என்று நினைத்தால் தவறு. அவன் குடிப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த ஆளை மனதார நம்பித்தான் செய்தான். குடித்துவிட்டு அடித்திருந்தால்கூட ஒருவகையில் மன்னிக்கலாம்.

அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மூர்த்தியும் கலியாணம் முடித்து மனைவி சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்கு வந்து குடியிருந்தவன்தான். அவளுடைய அண்ணன் நல்லரத்தினம் அடுத்த வளவில் இருந்தான். மச்சான்மார் இருவருக்கும் ஒரே தோணி. வாவியில் வலை விட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பின்னால் நின்று கம்பால் தோணியைத் தள்ள, மற்றவன் முன்னால் இருந்து வலையை இறக்க வேண்டும். தள்ளுகிறவன் நல்லரத்தினம். ஒரு சொல்லும் பேசாமல், மூர்த்தியின் தோள் அசைவதைப் பார்த்தே தோணியை எங்கே திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வான். வீட்டில் சண்டை பிடித்த நாட்களிலும் தோணியில் அவர்கள் சண்டை பிடித்ததில்லை.

தோணிகள் ஊருக்குள் வருகிற வாய்க்காலை ஓர் இறால் பண்ணைக்காரன் மண் கொட்டி அடைத்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. அடைத்த பிறகு தில்லைத்துறைக்காரர் தங்கள் மீனைத் தலையில் சுமந்துகொண்டு வாவிக் கரையில் அடர்ந்த கண்ணா மரப் பற்றையைச் சுற்றிச் சேற்றில் நடந்து வரவேண்டியதாயிற்று. வெயிலில் பாதி மீன் பழுதாகிப் போகும். எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் போய் நின்றார்கள். எல்லாக் கந்தோரிலும் நாளைக்கு வரச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஊர் வழமையாகப் போடுகிற கட்சியில் மூன்றாம் இலக்க வேட்பாளர் ஒரு சட்டத்தரணி. எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அம்மன் கோயிலுக்கு வந்தார். வண்ணக்கர், அதாவது கோயிலைப் பார்க்கிற தலைவர், தட்டில் கற்பூரம் கொளுத்தி நீட்டினார். சேர் சேட்டுக் கையை மடித்து விட்டு, வென்றால் ஒரு மாதத்துக்குள் அந்த வாய்க்காலைத் திறப்பேன் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். நீதிமன்றத்தில் கூசாமல் பொய் சொல்கிறவனும் அந்த ஊரில் கற்பூரம் அணைத்துப் பொய் சொல்ல மாட்டான். சொன்னால் அம்மன் கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று பயம். தாங்கள் பயப்படுவதுபோலவே அவரும் பயப்படுவார் என்று நினைத்துக்கொண்டார்கள். மூர்த்திக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து அவன் சேருடைய ஆள்.

அதே கட்சியில் ஆறாம் இலக்கம் ஓர் இஞ்சினியர். நல்லரத்தினம் அவருடைய ஆள். ஒரே கட்சி, ஒரே சின்னம் என்றால் பிறகென்ன சண்டை என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். வாக்குச் சீட்டில் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு போட வேண்டும். கட்சிக்கு விழுவது எல்லோருக்கும் பொது. ஆளுக்கு விழுவதை வைத்துத்தான் யார் கொழும்புக்குப் போவது என்று முடிவாகும். ஆகவே எதிர்க்கட்சிக்காரனைவிடச் சொந்தக் கட்சிக்காரன்தான் பெரிய எதிரி. ஒரு வாக்காளன் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு போடலாம். மூன்றையும் போடலாம், ஆறையும் போடலாம், இன்னும் ஒருவனுக்கும் இடமிருக்கும். மச்சான்மார் இருவரும் இரண்டையுமே போட்டுவிட்டு மீன்பிடிக்கப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் ஆளுக்கு மட்டும் போடு, மற்றதைத் தொடாதே என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார்கள். ஊரும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டியது. சட்டம் கொடுத்த இடத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடித்துக்கொண்டு சாகிற புத்தி வேறு எந்த ஊருக்கு வரும்?

தேர்தலுக்கு முந்திய கிழமை ஆறாம் இலக்கத்துக்காரர் சந்தி மதிலில் சேரின் முகத்துக்கு மேலே தங்கள் ஆளின் முகத்தை ஒட்டிவிட்டார்கள். மத்தியானம் சேரின் செயலாளர் வினோஜன் வாகனத்தில் வந்து இறங்கினான். பின்னால் நான்கு பேர். வாகனத்துக்குள் மண்வெட்டிப் பிடிகள் அடுக்கியிருந்தன. வினோஜன் சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"கொஞ்சம் விளங்கப்படுத்தி விடுங்க அண்ணே. மறுகா வாறதைச் சேர் பாத்துக்கொள்ளுவார்."

மூர்த்தி பிடி எடுக்கவில்லை. தோணி தள்ளும் கம்பை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனான், வாகனமும் பின்னால் போயிற்று.

அங்கே மதிலடியில் பசை வாளியோடு நின்றது நல்லரத்தினம். கூட நின்ற பொடியன்கள் வாகனத்தைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். அவன் ஓடவில்லை. மச்சானைக் கண்டு எவன் ஓடுவான்? விலகிப் போகச் சொன்னான் மூர்த்தி. நல்லரத்தினம் தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"உனக்கு விசரா மச்சான்? அண்டைக்குக் கற்பூரம் வாங்கிக் குடுத்ததே பண்ணைக்காரன்தான். அந்தப் பண்ணையில அரைவாசி உண்ட சேருக்குச் சொந்தம். வாய்க்கால அடைச்சவனிட்டயே போய் வாய்க்காலத் துறக்கச் சொல்லிற்று நிக்கிறாய்."

வாகனத்தில் நின்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினோஜன் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மனுக்கு முன்னால் சத்தியம் பண்ணிய மனிதனைப் பற்றி வாயைக் கழுவிவிட்டுக் கதைக்கச் சொன்னான் மூர்த்தி. நல்லரத்தினம் வாளியைத் தூக்கிப் பசையை அவன் முகத்தில் ஊற்றினான்.

முதல் அடி தோளில் விழுந்தது. அது கோபத்தில் அடித்தது. இரண்டாவது அடி முழங்காலில், பக்கவாட்டில். எலும்பு உடைந்த சத்தம் சந்திக் கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. நல்லரத்தினம் விழுந்தான். விழுந்த மனிதனை மூர்த்தி மூன்றாவது முறையும் அடித்தான், நான்காவது முறையும் அடித்தான், அதே காலில். கண்ணில் பசை இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது பொய். அவனுக்கு எல்லாம் தெரிந்தது. காலின் கீழ்ப்பகுதி போகக்கூடாத பக்கத்துக்குத் திரும்பியிருந்ததும், மச்சான் தன்னை மறிக்கக் கையைத் தூக்காமல் மதிலைப் பிடிக்கத் தேடியதும் தெரிந்தது. வாகனத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டியதால்தான் நான்காவது அடி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் காலை வெட்டவில்லை. இரும்பு வைத்துப் பூட்டினார்கள். முழங்கால் இனி மடியாது என்றார்கள். மடியாத காலோடு தோணியில் நின்று கம்பு ஊன்ற முடியாது. நல்லரத்தினத்துக்கு வேறு தொழிலும் தெரியாது.

மூர்த்தி வீட்டுக்கு வந்தபோது அவன் உடுக்கிற சாரங்கள் இரண்டும் வலையும் வாசலில் கிடந்தன. சீதேவிப்பிள்ளை படியில் நின்றாள். அழுது முடிந்த முகம்.

"இது எண்ட வீடு. அண்ணனை அடிச்சது ஆர், அடிக்கச் சொன்னது ஆர் எண்டு கோட்டில உங்கட வாயால சொல்லுங்க. அதுக்குப் பொறகு இந்தப் படியில ஏறலாம். அதுவரைக்கும் ஏறப்படா."

அவள் அவனை அப்போதும் நீங்க என்றுதான் சொன்னாள். அதுதான் அவனுக்கு அதிகமாகச் சுட்டது.

அன்று மாலையே பொலிஸ் பிடித்தது. இரண்டு நாள் போகவில்லை, சேரின் ஆட்கள் பிணையில் எடுத்தார்கள். எடுத்து வந்த வினோஜன் வழியில் சொல்லிக் கொடுத்தான். இது அரசியல் இல்லை, குடும்பத் தகராறு. சீதேவிப்பிள்ளையின் சீதனக் காணியில் எல்லைச் சண்டை. அப்படிச் சொன்னால் போதும், வழக்குத் தானாக ஆறிப்போகும். மூர்த்தி நேரே துறைக்கு நடந்தான். தோணிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். தேர்தலன்று அவனைத் தவிர ஊர் முழுக்க வாக்குப் போட்டது.

முடிவு வந்தது. மூன்றும் வென்றது, ஆறும் வென்றது.

வெற்றி ஊர்வலம் தில்லைத்துறைக்கு ஒரே வாகனத்தில் வந்தது. மேலே சேரும் இஞ்சினியரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். ஒரே மாலையை இருவருக்குமாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மச்சானின் இரத்தம் ஊறிய மதிலைக் கடந்து, வெடி கொளுத்திக்கொண்டு, கோயிலடிக்கு வந்து இறங்கினார்கள். அவர்களோடு முன்வரிசையில் இறால் பண்ணைக்காரனும் இறங்கினான். அவன் சேருக்குக் குடை பிடித்தான். நல்லரத்தினம் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகில்லை என்று மூர்த்திக்கு அந்தக் குடையைக் கண்டபோதுதான் உறைத்தது.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். சேர் அவனைக் கண்டு சிரித்துத் தோளில் தட்டினார். அர்ச்சனைக்கு ஐயர் ஏந்தியிருந்த தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மூர்த்தி அவர் கையிலிருந்து தட்டை வாங்கி நீட்டினான்.

"மச்சானை அடிக்கச் சொல்லி என்னிட்ட நீங்க ஆளனுப்பல்ல எண்டு இதை அணைச்சுச் சொல்லுங்க சேர்."

சேர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதுதான் மோசம். யோசித்திருந்தால், முகம் கறுத்திருந்தால், மூர்த்தி தட்டை வைத்துவிட்டுப் போயிருப்பான். அவர் சிரித்தபடியே, அம்மன் சத்தியமாக நான் அனுப்பவில்லை என்று சொல்லி, ஈக்கு அடிப்பதுபோலக் கையை இறக்கினார். அந்தக் கையை மூர்த்தி மணிக்கட்டில் பிடித்தான். நெருப்பின்மேல் வைத்து அழுத்தினான். கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கத்திய சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார்கள். தோல் பொசுங்குகிற மணம் வந்த பிறகும் மூர்த்தி பிடியை விடவில்லை. வாய்க்காலைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். அது யாருக்கும் விளங்கவில்லை.

அவனை விலக்கியது அன்று கைதட்டிய அதே நால்வர். மண்வெட்டிப் பிடிகள் வாகனத்தில் தயாராகத்தான் இருந்தன. முதலில் கையில் அடித்தார்கள், விரல்கள் விட்டன. பிறகு தலையில். பிறகு கோயில் வீதியில் போட்டு விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். மூர்த்தி ஒரு கையையும் தூக்கவில்லை. ஊர் சுற்றி நின்று பார்த்தது. அவனிடம் அடிவாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர், அவர்களுக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். வண்ணக்கர் கோயில் கதவைச் சாத்தினார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மூர்த்திக்கு ஒரு காது கேட்கவில்லை. சேர் கையைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். விளக்கில் கை பட்டுவிட்டது என்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னார். மூர்த்திக்கு எதிராக அவர் முறைப்பாடு கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏன் கையைச் சுட்டான் என்று கேட்பார்களே. அதற்கு மேலே, தன் கையைச் சுட்டவனுக்குத் தானே ஒரு சட்டத்தரணியையும் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கருணையின் அர்த்தம் வழக்குத் தவணையன்று விளங்கியது.

நீதிமன்றத்துக்கு மூர்த்தி வெள்ளைச் சேட்டுப் போட்டுப் போனான். சீதேவிப்பிள்ளை பின்வரிசை வாங்கில் இருந்தாள். நல்லரத்தினம் ஊன்றுகோலோடு வந்து, நீட்டிய காலை மடிக்க முடியாமல், வாங்கின் ஓரத்தில் சரிந்து இருந்தான். மூர்த்தி பக்கம் அவன் திரும்பவில்லை. பக்கத்தில் அவனுடைய மகள் ஆர்த்திகா. பட்டம் முடித்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பிள்ளை.

பெயர் கூப்பிட்டவுடன் மூர்த்தி கூண்டில் ஏறி வாயைத் திறக்க முதல் பொலிஸ்காரர் எழும்பினார். அடிபட்டவர் புதிதாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், வழக்கை நடத்த இடமில்லை என்றார். நீதவான் நல்லரத்தினத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். நல்லரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மோட்டார் சைக்கிளால விழுந்தன் ஐயா. ஒருத்தரும் அடிக்கல்ல."

மூர்த்திக்குக் கேட்கிற காதில்தான் அது விழுந்தது. அவன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் சொல்லத் தொடங்கினான். அடித்தது நான். நாலு அடி. விழுந்த பிறகு அடித்தது இரண்டு. அடிக்கச் சொல்லி ஆளனுப்பியது மூன்றாம் இலக்கம், வந்து சொன்னது வினோஜன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவனுக்காக வந்த சட்டத்தரணி மெதுவாக எழும்பி, மூர்த்திக்குத் தலையில் அடிபட்டதிலிருந்து சித்தம் சரியில்லை என்று ஆஸ்பத்திரிக் கடதாசியை நீட்டினார். விழுந்தவரே விழுந்தேன் என்கிறார், வழக்கை முடிக்கிறேன் என்றார் நீதவான். கூண்டை விட்டு இறங்க மறுத்த மூர்த்தியைப் பொலிஸ்காரர் இருவர் கையைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். ஒரு மனிதன் தன் குற்றத்தை எடுத்துக்கொண்டு வந்தால் அதை வாங்கிக்கொள்ளக்கூட இந்த நாட்டில் ஆளில்லை.

வெளியே மதிலோரம் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். ஆர்த்திகா ஓட்டோ பார்க்கப் போயிருந்தாள். மூர்த்தி கிட்டப் போனபோது நல்லரத்தினம் முந்திக்கொண்டான்.

"உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத. எண்ட புள்ளைக்கு வேலை வேணும். எனக்கு இனித் தொழில் இல்ல. உண்ட சேரும் எங்கட இஞ்சினியரும் ரெண்டு பேரும் வீட்ட வந்து, சாமிப் படத்துக்கு முன்னால வெச்சுச் சொல்லிற்றுப் போனவங்க. தைப் பொங்கலுக்குப் பொறகு அவளுக்கு வேலை கிடைக்கும்."

மூர்த்தி அவனையே பார்த்தான். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுவதுபோலத்தான் கேட்டான்.

"அவனுகள்ட சத்தியத்தை நீயும் நம்புறியா மச்சான்?"

நல்லரத்தினம் ஊன்றுகோலைத் தூக்கி அவன் வாயில் அடித்தான். உதடு கிழிந்து சேட்டில் இரத்தம் ஒழுகியது. அடித்த வேகத்தில் கோல் கைதவறி வீதியில் போய் விழ, நல்லரத்தினம் ஒற்றைக் காலில் நின்று மதிலைப் பிடித்துக்கொண்டான். அவன் அழுதான். நம்பாவிட்டால் நான் என்ன செய்வது என்று அழுதழுது கேட்டான். பொலிஸ்காரர் வாசலில் நின்று பார்த்தார்கள், வரவில்லை.

மூர்த்தி போய்க் கோலை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு விலகாமல், கோல் எட்டுகிற தூரத்தில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். நல்லரத்தினம் மறுபடியும் அடித்தான். இந்த முறை தோளில். கோல் மறுபடியும் விழுந்தது. மூர்த்தி மறுபடியும் குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மச்சானின் கையிலே கொடுத்தான்.